பிணம் இருமிய நாள்

நடிக்க வந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. அதில் எனக்கு வருத்தமில்லை. காய்கறிக் கடையில் யாராவது என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சார், நீங்க அவங்க அப்பாவா வந்து செத்துப்போவீங்கல்ல?" என்பார்கள். எந்தப் படம், எந்தத் தொடர், யாருடைய அப்பா என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவிருக்காது. நானும் "ஆமாங்க, நான்தான்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைப் பொறுக்குவேன்.

செத்துப்போவதுதான் என் தொழில். மேடையில் செத்தேன், சினிமாவில் செத்தேன், தொலைக்காட்சித் தொடர்களில் சளைக்காமல் செத்தேன். விஷம் குடித்தேன், மாடிப்படியில் உருண்டேன், "நீயெல்லாம் ஒரு அப்பனா" என்று மகன் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தேன். கதை நகர வேண்டுமென்றால் வீட்டில் ஒரு பெரியவர் சாக வேண்டும். பெரியவர் சாக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட வேண்டும். செத்த பிறகும் மாலை போட்ட போட்டோவாகச் சுவரில் தொங்கிக்கொண்டு மருமகள்களின் சண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எப்படி அழுவது, எப்படி வசனம் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க இப்போது அசோக் நகரில் தெருவுக்கு ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. அந்தப் பக்கமே நான் போகப் போவதில்லை. நான் சொல்லப் போவது ஒரே ஒரு நாளைப் பற்றி. இந்தத் தொழிலில் நான் மிக மோசமாக நடித்தது அன்றைக்குத்தான். அதனால் எனக்கு ஒரு பெயர் போயிற்று. ஏன் போக விட்டேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் அப்பாவுக்குப் பாண்டி பஜாரில் பாத்திரக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை. கல்லாவில் உட்கார வேண்டியவன் மேடையில் போய்ப் படுத்துக்கொண்டான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. நாடகக் குழுவில் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேஷம் இரண்டாவது காட்சியிலேயே செத்துப்போகும் வேஷம். வசனம் கொஞ்சம்தான், படுத்துக் கிடப்பதுதான் அதிகம்.

மயிலாப்பூரில் ஒரு சபா. அரங்கேற்றம். நான் செத்துக் கிடக்கிறேன். என் மனைவியாக நடித்த பெண் என் மேல் விழுந்து கதறுகிறாள். அரங்கமே அமைதி. முன்வரிசையில் ஒரு மாமி, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஏன்னா, பொணத்துக்கு வயிறு ஏறி ஏறி இறங்கறது, பாருங்கோ!"

பக்கத்தில் இருந்த மாமா அசரவில்லை. "இருக்காதா பின்னே? சித்த முன்னாடி கேன்டீன்ல போண்டா சாப்டுண்டிருந்தானே!"

முன்வரிசை சிரித்தது. பிறகு அதற்குப் பின்வரிசை. திரையை இறக்கும்வரை அந்தப் பெண் சிரிப்புக்கு நடுவே அழுதுகொண்டிருந்தாள். நாடகத்தை எழுதி இயக்கியவர் உள்ளே வந்தார். அவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் கொடுமை. "நீ மூச்சு விட்டுக்கோ, எனக்கென்ன? ஆனா உன்மேல விழுந்து அழறாளே ஒருத்தி, அவ அழுகையை நீ பொய்யாக்கிட்டே. அதுக்கு உனக்கு யார் உரிமை குடுத்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த காட்சிக்கு விளக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் தலைகுனிந்து நின்றேன். அழுத பெண் அருகில் வந்தாள். கண்மை கன்னத்தில் வழிந்திருந்தது. "விடுங்கண்ணே. அடுத்த தடவை நான் உங்க வயித்து மேலயே விழுந்துடறேன். ஏறினாலும் தெரியாது, இறங்கினாலும் தெரியாது" என்றாள்.

அவள்தான் கோமளா. அன்று தொடங்கியது. மேடையில், பிறகு படங்களில், பிறகு தொடர்களில், எத்தனை தடவை அவளுக்குப் புருஷனாக இருந்தேன், எத்தனை தடவை அவளை விட்டுவிட்டுச் செத்தேன் என்று எங்கள் இருவருக்கும் கணக்கில்லை. கேமரா ஓடும்போது "என்னங்க". கேமரா நின்றதும் "அண்ணே". எங்கள் தொழிலில் அப்படித்தான். புருஷன் பெண்டாட்டியாக நடிப்பவர்கள் அண்ணன் தங்கையாகப் பழகிக்கொண்டால் ஊருக்கும் நிம்மதி, வீட்டுக்கும் நிம்மதி. நீங்கள் ஒருவரையொருவர் மச்சி என்கிறீர்கள், ஆணும் மச்சி, பெண்ணும் மச்சி. அதில் இந்த வசதி கிடையாது.

கோமளாவின் வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் இருந்தார். கேலிக்காரர். ஷூட்டிங்குக்கு மனைவியைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் என்னிடம், "மச்சான், பகல் பூரா உங்க பொண்டாட்டி. சாயங்காலம் சேதாரம் இல்லாம திருப்பிக் குடுத்துடணும்" என்பார். அவளுக்கு நான் அண்ணன் என்றால் அவருக்கு மச்சான்தானே. கணக்கு சரிதான்.

பிணமாகக் கிடப்பதை அதற்குப் பிறகு நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்படிப் பழகினேன் என்பதெல்லாம் உங்களுக்கு அலுப்பு. பழகினேன். மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைத் துணியால் கட்டி, கழுத்துவரை மாலை போட்டாலும் ஈ உட்கார்ந்தால்கூட அசையமாட்டேன் என்ற பெயர் வந்தது. "பொணம்னா அவர்தாம்பா" என்று புரொடக்ஷன் ஆட்கள் சொல்வது என் காதில் விழும். எனக்கு அது பட்டம் மாதிரி இருந்தது. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

எங்கள் தொழிலில் சில வழக்கங்கள் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுத்த பிறகுதான் அடுத்த வேலை. கடைசியாகப் பதிவானது சாவாக இருக்கக் கூடாதாம். அதே மாதிரி, தாலி அறுக்கும் காட்சியில் நடிக்கும் கல்யாணமான பெண்கள் தங்கள் தாலியை உள்ளே மறைத்துக்கொண்டு வேறொரு மஞ்சள் கயிற்றைத்தான் வெளியே போட்டுக்கொள்வார்கள். பொட்டை அழித்த ஷாட் முடிந்த மறுநொடி மேக்கப்மேன் குங்குமத்தோடு ஓடி வருவார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சிரிக்கச் சொன்னால் சிரித்துவிட்டு டீ கேட்பேன். ஆனால் நம்புகிறவர்களைக் கேலி செய்ததும் இல்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

கொட்டிவாக்கத்தில் ஷூட்டிங்குக்கு விடும் ஒரு பெரிய வீடு. நாங்கள் நடித்துக்கொண்டிருந்தது ஒரு நீண்ட தொடர். நான் வீட்டுத் தலைவர், கோமளா என் மனைவி. நான் சீக்கிரம் சாகப் போகிறேன் என்று தெரியும், என்றைக்கு என்று தெரியாது. தொடர்களில் அன்றைய காட்சி அன்று காலையில்தான் கைக்கு வரும். காலையில் சீன் பேப்பர் வந்தது. இன்று சாவு.

பேப்பரைப் படித்துக்கொண்டே மேக்கப் அறைக்குள் போனேன். கோமளா கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள், மேக்கப் போட்டுக்கொள்ளாமல். மேக்கப்மேன் துரை ஓரமாக நின்று பஃபைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துரை மயிலாப்பூர்க்காரர், எங்கள் நாடக நாளிலிருந்து கூட வருகிறவர்.

"அண்ணே, கதவைச் சாத்துங்க" என்றாள்.

சாத்தினேன்.

"அவருக்கு இன்னிக்கு ஆபரேஷன்ணே. இருதயத்துல. அடுத்த வாரம்னுதான் சொல்லியிருந்தாங்க. விடிகாலையில முடியாமப் போயி, இன்னிக்கே பண்ணணும்னுட்டாங்க. அடையார்ல. பையன் கூட இருக்கான்."

"இங்க என்ன பண்றே? கிளம்பு."

"அவர்தான் போகச் சொன்னாரு. நீ வெளியில உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கிட்டு இருக்கறதுக்கு வேலையைப் பாருன்னு. சாதாரண சீனுன்னு நினைச்சுத்தான் வந்தேன்." சீன் பேப்பரை என் பக்கம் நகர்த்தினாள். "இங்க வந்து பார்த்தா இது."

கடைசிப் பத்தியில் இருந்தது. கணவனின் உடல்மீது விழுந்து கதறி, அவளே தன் பொட்டை அழித்து, வளையலை உடைத்துக்கொள்கிறாள்.

"எத்தனையோ தடவை உங்களுக்காக அழிச்சிருக்கேன். ஒருநாளாவது முகம் சுளிச்சிருக்கேனாண்ணே? இன்னிக்கு முடியாது. அங்க அவரை நெஞ்சைத் திறந்து போட்டிருப்பாங்க, நான் இங்க பொட்டை அழிப்பேனா? எனக்குக் கை வராது."

"டைரக்டர்கிட்ட சொல்லலாம்."

"சொல்லாதீங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க. அந்த இன்னொருத்திக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமில்ல?"

தெரியும். அதே தொடரில் என் தங்கையாக வந்த ஒரு நடிகை, மகள் பிரசவத்துக்காகக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கக் கேட்டார். அடுத்த வாரம் அவர் புடவையைக் கட்டிக்கொண்டு வேறொருவர் வந்தார். திரையின் கீழே "இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி ஓடியது. எங்களுக்கெல்லாம் அதுதான் பிரிவுபசார விழா. கோமளாவுக்கு இந்த நேரத்தில் இந்த வேலை போனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேறு வழியில்லை. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது.

காரணம் சொல்லாமல் நான் டைரக்டரிடம் போய்ப் பேசிப்பார்த்தேன். நல்ல பையன்தான், முப்பது வயதுக்குள். "தம்பி, வேற சீனை முதல்ல எடுத்துடலாமே. சாவை மதியத்துக்கு மேல வச்சுக்கலாம்" என்றேன்.

"சார், மதியத்தோட ஹால் நம்ம கையில இல்ல. கூட்டம் வந்தாச்சு. நாளன்னைக்கு எபிசோட் போகணும்." குரலைத் தாழ்த்தினார். "சேனல்லேர்ந்து ஆள் வேற வந்து உட்கார்ந்திருக்காரு சார்."

மானிட்டருக்குப் பின்னால் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பெஞ்சில் படுத்துக்கொண்டேன். மூக்கில் பஞ்சு வந்தது, மாலை வந்தது. கோமளாவின் போன் துரையிடம். ஆபரேஷன் முடிந்ததும் பையன் கூப்பிடுவான். துரை ஹால் வாசலில் நின்றார்.

என் தலைமாட்டில் ஒப்பாரி வைக்க உட்கார்ந்தவர் மேரி அக்கா. பக்கத்துக் குப்பத்துக்காரர். காலையில் மீன் விற்றுவிட்டு மற்ற நேரத்தில் கூட்டத்தில் நடிக்க வருவார். என்னை நன்றாகத் தெரியும். "நைனா, இன்னிக்கும் நீதானா? உனக்கு எத்தினி தபா தான் அய்றது" என்று மாலையை ஒழுங்கு செய்தார்.

முதலில் தூரத்திலிருந்து மொத்தக் கூட்டத்தையும் எடுத்தார்கள். அசையாமல் கிடந்தேன். ஒன்றும் சிக்கலில்லை. அடுத்தது கோமளா ஓடி வந்து என் மேல் விழும் ஷாட்.

எனக்கு அந்த நேரத்தில் திட்டம் என்று ஒன்றும் இல்லை. நீங்கள் அப்படி நினைத்துக்கொள்ளக் கூடாது. அவள் விழுந்தாள், கதறினாள், இமையின் இடுக்கில் அவள் கை நெற்றிக்குப் போவதைப் பார்த்தேன். நான் இருமிவிட்டேன்.

"கட்! என்ன சார்?"

"மன்னிச்சுக்கோ தம்பி. தொண்டையில ஏதோ..."

இரண்டாவது தடவை அவள் கை தூக்கும்போது என் கால் கட்டைவிரல் ஆடியது. அதற்கடுத்து ஒரு தும்மல். பஞ்சு பறந்து போய் மேரி அக்காவின் மடியில் விழுந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இன்னா நைனா, பொணம் தும்முது?"

"தூசிக்கா."

"அட ஆண்டவரே" என்று பஞ்சை எடுத்துத் திரும்ப வைத்தார்.

ஒவ்வொரு தடவையும் வாசல் பக்கம் பார்த்தேன். துரை உதட்டைப் பிதுக்குவார். போன் வரவில்லை. மறுபடி படுப்பேன். மறுபடி கை நெற்றிக்குப் போகும். மறுபடி ஏதாவது செய்வேன்.

"சார், நீங்க செத்துட்டீங்க சார். தயவுசெஞ்சு ஒத்துக்குங்க" என்றார் டைரக்டர். கையெடுத்துக் கும்பிட்டார்.

மேரி அக்கா எனக்காகச் சண்டைக்குப் போனார். "இன்னா சார் நீ, காலையிலேர்ந்து வெறும் வயித்துல படுத்துக்கினு கீறாரு மனுசன். இருமாம இன்னா பண்ணுவாரு? ஒரு டீ குடு, அப்பாலிக்கா சாவட்டும்."

டீ வந்தது. எவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் குடித்தேன். மானிட்டர் பக்கமிருந்து சேனல்காரர் சொன்னது தெளிவாகக் கேட்டது: "வயசாயிடுச்சு போல. இவரால முடியலைன்னா அடுத்த ப்ராஜெக்ட்ல வேற ஆளைப் பார்த்துக்கலாம்." லைட்காரர்கள், பழக்கமானவர்கள், என் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் கூசியது. மயிலாப்பூர் மாமாவின் போண்டாவுக்குப் பிறகு நான் சேர்த்த பெயர் முழுவதும் அந்தப் பெஞ்சின் மேல் கரைந்துகொண்டிருந்தது. அழுகைகூட வந்தது. பிணத்துக்கு அதுவும் கூடாதே.

அப்புறம் டைரக்டருக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"சார் ஃப்ரேம்லயே வேண்டாம். தூரத்துலேர்ந்து எடுத்த வைடு ஷாட்டுல படுத்திருக்கறது இருக்கு, அது போதும். அம்மா முகம் மட்டும் டைட்டா வச்சுக்கலாம். சார் இருமினாலும் பரவாயில்ல, எப்படியும் டப்பிங்தானே."

கேமரா அவள் முகத்துக்கு நெருங்கி வந்தது. நான் எழுந்தேன். செய்வதற்கு என்னிடம் இனி ஒன்றுமில்லை. இருமலும் தும்மலும் இனி யாருக்கும் வேண்டாம். டைரக்டரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். கோமளா என் தோளைத் தொட்டாள்.

"டைரக்டர் சார், அண்ணன் படுத்தே இருக்கட்டும். எனக்கு வேணும்."

"ஃப்ரேம்ல வரமாட்டாரும்மா."

"இருக்கட்டும். எனக்கு வேணும்."

அவள் முகத்தைப் பார்த்தேன். காலையில் இருந்த முகம் இல்லை. என்னவோ முடிவு செய்துவிட்ட முகம். நான் படுத்தேன். பஞ்சும் மாலையும் தேவையில்லை என்றார்கள். மேரி அக்கா மட்டும் மாலையை எடுத்து என் மேல் போட்டுவிட்டார்.

"ஆக்ஷன்."

மேடையில் அன்று அந்த இயக்குநர் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் மூச்சு விட்டால் இவள் அழுகை பொய். இத்தனை நேரம் அவளுக்காக அசைந்தேன், இப்போது அவளுக்காக அசையாமல் கிடந்தேன். விரல் நுனியில்கூட உயிர் இல்லாமல் கிடந்தேன். நான் கிடந்த பிணங்களிலேயே உத்தமமான பிணம் அதுதான். எந்தக் கேமராவும் அதை எடுக்கவில்லை.

கோமளா ஓடி வந்தாள். என் நெஞ்சில் விழுந்தாள். இரண்டு கைகளாலும் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். சீன் பேப்பரில் இருந்தது "என்னங்க, எழுந்திருங்க" என்ற வரி. அவள் முகத்தைக் கேமராவுக்குத் தூக்கிக் கதறினாள்:

"அண்ணே! எழுந்திருங்கண்ணே! என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களேண்ணே!"

அப்படிக் கதறிக்கொண்டே பொட்டை அழித்தாள். வளையலை உடைத்தாள். அண்ணே, அண்ணே என்று மாரடித்தாள். மேரி அக்காவும் பெண்களும் ஒருகணம் திகைத்துவிட்டு அவளோடு சேர்ந்து உண்மையாகவே அழத் தொடங்கினார்கள். நான் அப்போதும் அசையவில்லை.

"கட்! ஓகே!" டைரக்டர் கை தட்டினார். "அம்மா, பிரமாதம்! ஒரு வார்த்தைதான் வாய் தவறிடுச்சு. போகட்டும், டப்பிங்ல 'என்னங்க'ன்னு போட்டுக்கலாம். இன்னொரு டேக் வேண்டவே வேண்டாம்."

துரை குங்குமத்தோடு ஓடி வந்தார். அவள் நெற்றியில் அழுத்தி வைத்தார், வழக்கத்தைவிடப் பெரிதாக. மஞ்சள் கயிற்றை அவளே கழற்றி உள்ளேயிருந்த தாலியை எடுத்து வெளியே விட்டுக்கொண்டாள். பிறகு பெஞ்சின் ஓரத்தில் என் கால் பக்கம் உட்கார்ந்தாள். துரையின் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த ஷாட்டுக்கு விளக்கை மாற்றினார்கள், கூட்டத்துக்குச் சாப்பாடு வந்தது, போன் மட்டும் வரவில்லை.

கடைசியில் வந்தது. துரை எடுத்தார். "ஆங்... ஆங்... சொல்லு ராஜா..." என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆபரேஷன் முடிஞ்சிடுச்சாம், அம்மா. நல்லா கீறாராம். கண்ணு முழிக்க நேரம் ஆவுமாம், ஆனா பயம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

கோமளா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து கேமராமேன் என் பக்கம் திரும்பி, "சார், வழக்கமான அந்தச் சிரிப்பு பாக்கி இருக்கு" என்றார். நான் எழுந்து உட்கார்ந்து சிரித்தேன். சும்மா பல்லைக் காட்டவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். "இதை சாவுல காட்டியிருக்கலாம் சார் இந்த உற்சாகத்தை" என்று டைரக்டர் முணுமுணுத்தார்.

அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசல்வரை கூடப் போனேன். "நிஜமாவே வாய் தவறிச்சா?" என்று கேட்டேன்.

"தவறுமாண்ணே? இத்தனை வருஷத்துல ஒருநாள் தவறியிருக்கா?" ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். "பொட்டை அழிச்சுத்தான் ஆகணும்னு புரிஞ்சுபோச்சு. யாரை நினைச்சு அழிக்கிறோம்கிறது என் கையிலதானே இருக்கு? அண்ணன் செத்தா எந்தத் தங்கச்சிக்காவது தாலி இறங்குமா? நீங்க இருமிக்கிட்டே இருந்தீங்க, எனக்கு யோசிக்க நேரம் கிடைச்சுது."

அவளுக்கு நேரம் கிடைத்தது. எனக்கு வேறொன்று கிடைத்தது. அந்த டைரக்டர் யாரிடமும் பொல்லாப்பாகப் பேசுகிறவர் இல்லை. அக்கறையாகத்தான் சொல்லியிருப்பார்: "சாருக்கு மூச்சு வாங்குது, பாவம், சாவு சீனுக்குப் போட்டுக் கஷ்டப்படுத்தாதீங்க." எங்கள் ஊரில் இந்த மாதிரி அக்கறை வடபழனியில் கிளம்பினால் அன்று சாயங்காலமே எல்லா ஆபீஸுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பேசி வைத்திருந்த ஒரு படத்தில், நல்ல சாவு அது, வேறொருவரைப் போட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் உயிரோடிருக்கும் வேஷங்கள். ரிடையர்டு ஜட்ஜ், கோயில் தர்மகர்த்தா, கதாநாயகியின் பெரியப்பா. அவற்றுக்கு ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மெல்லக் குறைந்து, நின்றது. அபிராமபுரத்தில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு என்னை ஒருவரும் சாகக் கூப்பிடவே இல்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அவள் வேண்டுமென்றே வார்த்தையை மாற்றினாள் என்பதும் சேர்ந்துதான் வெளியே வரும். வேலையில் இருக்கிறவளுக்கு அது ஆகாது. வருத்தம் இருந்ததா என்றால் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இதையும் சொல்கிறேன். உங்களுக்கும் ஒரு பெயர் வரும். அழுகையென்றால் இவள், வில்லனென்றால் இவன் என்பார்கள். அதைப் பத்திரமாகப் பூட்டி வைக்கத்தான் எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். என்றைக்காவது ஒருநாள் அதைச் செலவு செய்ய வேண்டி வரலாம். நல்ல இடம் பார்த்துச் செலவு செய்யுங்கள், அவ்வளவுதான்.

இப்போது கோமளாவும் நடிப்பை விட்டாயிற்று. "இனிமே அந்த நாளைப் பத்தி யாருகிட்ட வேணா சொல்லிக்குங்கண்ணே, நான் அவருகிட்டயே சொல்லிட்டேன்" என்று போன் செய்தாள். பின்னாலேயே அவர் போனைப் பிடுங்கினார். "மச்சான், எனக்குப் பதிலா நீங்க செத்துப் படுத்தீங்களாமே? ஒழுங்கா சாகக்கூட இல்லையாமே? வாங்க வீட்டுக்கு, கேட்டுக்கறேன்" என்றார். போனேன். நன்றாகத்தான் இருக்கிறார். கேலி குறையவில்லை.

அந்த எபிசோட் இணையத்தில் கிடக்கிறது. உங்களில் யாருக்காவது நேரம் இருந்தால் தேடிப் பாருங்கள். ஒலியோடு பார்த்தால் அங்கே ஒரு விதவை கதறுவாள். ஒலியை நிறுத்திவிட்டு அவள் உதட்டைப் பாருங்கள்.